நுண்கலையைத் துணைப்பாடமாக எடுக்கப் போகும் சம்பூர்ப் பிள்ளைகளுக்கு

சம்பூர், சேனையூர், கட்டைபறிச்சான் பக்கமிருந்து கலைப்பீடத்துக்குத் தெரிவாகும் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். புவியியலோ சமூகவியலோ படிக்கப் போகிறோம், கூடவே நுண்கலையும் எடுக்கலாமா, அதனால் என்ன பிரயோசனம்? வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், நான் அப்படிப் படித்தவள். எடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் சுலபமாகப் புள்ளி கிடைக்கும் என்று எண்ணி எடுக்காதீர்கள்.

முதலில் எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இசை, நடனம், நாடகம், கட்புலக்கலை ஆகியவற்றையே பட்டமாகப் படிப்பவர்களுக்கானது. அங்கே நுழைய உளச்சார்புப் பரீட்சை உண்டு. கலைப்பீடத்திலுள்ள நுண்கலைத் துறை வேறு. மற்றப் பாடங்களோடு கலையும் வேண்டும் என்பவர்களுக்கு வாசல் அதுதான். பேராசிரியர் சி. மௌனகுரு வளர்த்தெடுத்த துறை அது. நம் சேனையூரில் பிறந்த பால சுகுமார் அங்கே கற்பித்து, கலைப்பீடாதிபதியாகவும் இருந்தார். நமக்கு அந்நியமான இடமில்லை.

அடுத்தது நேரம். விரிவுரை என்றால் ஒரு கிரெடிட்டுக்கு 15 மணித்தியாலம். செயன்முறை என்றால் குறைந்தது 30. ஒரே கிரெடிட்தான், நேரம் இரட்டிப்பு. அரங்கேற்றம் நெருங்கினால் பின்னேரமெல்லாம் களரியிலேயே போய்விடும். அதே கிழமையில் புவியியல் களப்பயணமும் வரலாம். செமஸ்டர் தொடங்கும்போதே இரண்டு பக்க விரிவுரையாளர்களிடமும் திகதிகளைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கூத்து. அதைக் கொப்பியில் எழுதிப் படிக்க முடியாது. ஊரில் அதற்கென்று ஒரு வரிசை இருக்கிறது: சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல், பிறகுதான் அரங்கேற்றம். மாதக்கணக்கில் நடப்பதைப் பல்கலைக்கழகம் சில வாரத்துக்குள் சுருக்குகிறது. அந்தக் குறையை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். மத்தளத்துக்குப் பக்கத்தில் நின்று தாளக்கட்டை வாயால் சொல்லுங்கள். வாயில் ஏறிய பிறகுதான் காலில் ஏறும். வட்டக்களரியில் நாலு பக்கமும் சனம். ஆடுபவருக்கு முதுகுப்பக்கம் என்று ஒன்று கிடையாது. அது உடம்பில் பதிய எனக்கு நாள் எடுத்தது. பெண் பிள்ளைகளே, முந்தி ஊர்க் கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்கள்தான் கட்டினார்கள். இன்று நாம் ஆடலாம். பயிற்சி இரவாகும், எத்தனை மணிக்கு விடுதிக்குத் திரும்புவேன் என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசித் தீர்த்துவிடுங்கள்.

நான் மிக முக்கியமாகச் சொல்ல வந்தது இது: இரண்டு பாடங்களையும் தனித்தனியே வைக்காமல் ஒன்றால் மற்றதைத் திறந்து பாருங்கள். 2006இல் நம் ஊர் முழுதாக இடம்பெயர்ந்தது. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் கிடந்து, 2015இலிருந்துதான் சனம் காணிக்குத் திரும்பத் தொடங்கியது. வேலிகள் இல்லை, வீடுகள் இல்லை, எல்லை தெரியவில்லை. ஜி.பி.எஸ். கருவி இடத்தைக் காட்டும். வளவு எப்படி இருந்தது என்பதைக் காட்டாது. ஆய்வுக்காக நான் பென்சிலோடு அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவ சொல்லச் சொல்லக் கோடு போட்டேன். மாட்டுப்பட்டியை வீட்டுக்கு மேற்கே வரைந்ததும் கையைப் பிடித்தா. "அங்கால இல்ல பிள்ள, கிழக்கால போடு. கச்சான் காத்தடிச்சா நாத்தமெல்லாம் வீட்டுக்குள்ளதான் வரும்." வினாக்கொத்தில் கேட்டிருந்தால் இது வந்திருக்காது. பிழையான கோடு ஒன்று கண்முன்னே இருந்ததால்தான் வந்தது. காற்றும் குடியிருப்பும் பற்றிய என் அத்தியாயம் அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்கியது.

இதற்குப் பெரிய ஓவியத் திறமை தேவையில்லை. 2பி, 6பி பென்சில் இரண்டும் வெள்ளைத்தாளும் போதும். மாரியில் தாளைப் பொலித்தீன் பையில் வையுங்கள். கோடு நேராக வராவிட்டால் கல்லடியில் படிக்கும் நண்பர்களைப் பிடியுங்கள். எனக்கு அவர்கள்தான் கை திருத்தினார்கள்.

வேலை கிடைக்குமா என்றும் கேட்கிறீர்கள். இந்தப் பாடத்தை மட்டும் காட்டி வேலை கேட்க முடியாது. ஆனால் நாடகமும் அரங்கியலும் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பாடமாக இருக்கிறது. இன்று பாடசாலையில் நான் புவியியல்தான் படிப்பிக்கிறேன். தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கும் பொறுப்பு வருடா வருடம் என்னிடம்தான் வருகிறது. அதை நான் விரும்பிச் செய்கிறேன்.

வந்தாறுமூலைக்கு பஸ் ஏற முன்னர் இங்கே செய்து முடிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் பக்கத்தில் கூத்துப் பழக்கிய, ஆடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெற்றிலை பாக்கோடு போய், என்ன கூத்து, எந்த வருடம், யார் யார் ஆடினார்கள் என்று கேட்டு, அவர்கள் பாடுவதை அனுமதியோடு போனில் பதிவுசெய்யுங்கள். முதல் ஒப்படைக்கு அது போதும்.