ஆணையிட ஆளில்லாத கூட்டம்

நம் பிள்ளைகள் படிக்கும் விஞ்ஞானக் கதைகளில், கண்ணுக்குத் தெரியாத சிறு இயந்திரங்கள் கோடிக்கணக்கில் கூடி, யாரும் சொல்லாமலே வேலை செய்கின்றன. அவற்றை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பதே கதையின் சிக்கல். நடைமுறையில் மனிதன் அவ்வளவு தூரம் போகவில்லை. 2014-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ராதிகா நாக்பால் குழுவினர், மூன்று சென்டிமீட்டர் அளவுள்ள 1,024 ரோபோக்களைத் தாமாகவே கூடி நட்சத்திர வடிவில் நிற்க வைத்தார்கள். அமைக்க வேண்டிய உருவமும், அடுத்து நிற்பது எவ்வளவு தூரம் என்பதும் அவற்றுக்குத் தெரியும்.

எங்கள் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் இதைவிடத் தேர்ந்த கூட்டம் வீட்டுக்குப் பின்னால் மரப்பெட்டியில் இருக்கிறது. தேனீயைத்தான் சொல்கிறேன். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணியைத் தொடங்கிய டாக்டர் ஸ்பென்சர் ஹாட்ச் காலத்திலிருந்து பெட்டித் தேனீ இங்கே வீட்டுத் தொழில். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தமிழ்நாட்டோடும் நெய்யாற்றின்கரை கேரளத்தோடும் போயின. களியக்காவிளைப் பெட்டியின் ஈ அதைப் பொருட்படுத்தாமல் பாறசாலை ரப்பரில் போய்த் தேன் எடுத்து வரும். ரப்பர் தேன் பூவில் கிடைப்பதன்று. இலையுதிர்ந்து தளிர் விடும் மாதங்களில், இலைக்காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள் சேருமிடத்தில் சுரப்பது அது.

ராணி என்று பெயர் வைத்துவிட்டதால் அதுதான் ஆள்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது முட்டையிடுவதோடு சரி. புழு வளரும் அடையில் வெப்பம் 34, 35 டிகிரியில் நிற்க வேண்டும். கூடினால் ஈக்கள் சிறகால் விசிறும். குறைந்தால் உடலை நடுக்கிச் சூடேற்றும். இதில் ஒரு நுட்பம் உண்டு. எல்லா ஈயும் ஒரே வெப்பத்தில் விசிறத் தொடங்குவதில்லை. ஒன்றுக்குச் சற்று முன்பே உறைக்கும், இன்னொன்றுக்குப் பிந்தி உறைக்கும். அதனால் விசிறல் படிப்படியாகக் கூடிப் படிப்படியாகக் குறைகிறது. எல்லாம் ஒன்றாய்த் தொடங்கி ஒன்றாய் நிறுத்தினால் பெட்டி சூட்டுக்கும் குளிருக்கும் மாறி மாறித் தாவும். ரயில்வேயில் கண்ட்ரோலர் இல்லாமல் ஒரு நாள் ஓட்டிப் பார்க்க எனக்குத் துணிவு வராது. இவை காலமெல்லாம் அப்படித்தான் ஓட்டுகின்றன.

இப்படிப்பட்ட கூட்டத்துக்குக் கட்டளையிட முடியாது. சுற்றுப்புறத்தைத்தான் சரிசெய்து கொடுக்கலாம். எறும்பு ஏறாமல் தாங்குகாலின் கீழ்க் கிண்ணத்தில் தண்ணீர், வெயில் படாமல் நிழல், மழைக்காலப் பஞ்சத்தில் சிரட்டையில் சர்க்கரைப் பாகு, பெட்டி திறக்கையில் கொஞ்சம் கதம்பைப் புகை. இவற்றில் குறைவைத்தால் நாட்டுத் தேனீ பெட்டியை விட்டுக் கிளம்பிவிடும். கடந்தையை அது தானே பார்த்துக்கொள்ளும்: பல ஈக்கள் மொய்த்து உருண்டையாகி உடல் சூட்டாலேயே கொன்றுவிடும். ஜப்பானில் இதை அளந்தவர்கள், உருண்டையின் நடுவே சுமார் 46 டிகிரி என்று கண்டார்கள்.

ஆனால் 1991-92-இல் வந்த எதிரியை அப்படிக் கொல்ல முடியவில்லை. தாய்லாந்தில் 1976-இல் கண்டறியப்பட்ட சாக்புரூட் எனும் வைரஸ் நோய் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் பரவியது. புழு கூட்டுப்புழுவாக மாறாமல் நீர் நிறைந்த பைபோல் செத்துக் கிடக்கும். பெரும்பாலான பெட்டிகள் காலியாயின. தேனை நம்பிய குடும்பங்கள் தொழிலை விட்டன. கூட்டத்தின் பலமே அன்று வினையாயிற்று என்பது என் கருத்து. செத்த புழுவை அப்புறப்படுத்தும் இளம் ஈதான் அடுத்த புழுவுக்கு உணவூட்டுகிறது. பலவீனமான பெட்டியில் தேனைக் கொள்ளையடிக்கப் போகும் ஈ நோயையும் கொண்டு வருகிறது. தோட்டங்களில் பெட்டிகளை நெருக்கி அடுக்கி, அடைகளை ஒன்றுக்கொன்று மாற்றிய நம் கையும் அதற்குத் துணைபோயிற்று.

வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. நோய் கண்டால் ராணியைச் சிறு கூண்டில் அடைத்து, சில நாள் முட்டையிடாமல் தடுப்பார்கள். புழு இல்லையென்றால் வைரஸ் பெருக இடமில்லை. அதற்குள் ஈக்கள் அடையைத் துப்புரவாக்கிவிடும். பிழைத்து நின்ற பெட்டிகளைப் பிரித்துத்தான் மீண்டும் பெருக்கினார்கள். இத்தாலியத் தேனீயும் இப்பக்கம் வந்தது; நாட்டுத் தேனீயும் மெல்லத் திரும்பி வந்தது.

ஊரில் உங்கள் வீட்டிலும் பெட்டி இருந்தால், பார்த்துக்கொள்பவரிடம் மூன்று செய்திகளைத் தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்ளலாம்: புழு அடையை வாரம் ஒருமுறை பார்க்கிறாரா, நோய்ப் பெட்டியைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்ததைத் திறக்கிறாரா, புதுப் பெட்டி வாங்கினால் சில வாரம் தள்ளி வைக்கிறாரா என்று.