பணியிடத்து வசைமொழியும் நாமும்

தில்லிவாழ் உபாசகர் பலர் நம்மிடம் எழுப்பும் வினா ஒன்றுண்டு. அலுவலகத்திலும் ஆலையிலும் நம் குலத்தையும் நாம் தழுவிய தம்மத்தையும் பழிப்போரைப் பொறுத்திருப்பதா, எதிர்த்துப் பேசுவதா என்பதே அது. சங்யுத்த நிகாயத்து அக்கோச சூத்திரம் இதற்கு வழிகாட்டும்.

பகவன் இராசகிருகத்து வேணுவனத்தில் எழுந்தருளியிருந்த காலை, பாரத்துவாச கோத்திரத்து அந்தணன் ஒருவன், தன் கோத்திரத்தான் சங்கத்திற் சேர்ந்தமை கேட்டுச் சினந்து வந்து, வாயில் வந்தவாறு வைதான். பகவன் அவனை நோக்கி, விருந்தினர் ஏற்காத உணவு எவருடையது என வினவினார். தன்னுடையதே என்றான் அவன். அங்ஙனமே தாம் ஏற்காத வசையும் அவனுக்கே உரியதென்றார் பகவன். இவ்வளவும் பலர் அறிந்ததே. நமக்கு மிகவும் வேண்டுவது அடுத்து வரும் கருத்து: வைதவனைத் திரும்ப வைபவன் அவனோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்பவனாகின்றான். நம் கலத்திலிருந்து ஒரு பருக்கையும் கொள்ளாதார் இவ்விருந்தை மட்டும் நமக்கு வாரி வழங்குவது விந்தையன்றோ!

அப்பந்தியில் நாமும் உண்டிருக்கின்றோம். ஆலையில் நூற்புப் பகுதியில் வேலை செய்த நாளில், ஒருவன் நம் தூக்குப்பாத்திரத்தைக் காலால் தள்ளி இழிசொல் கூறினான். இரு மடங்காகத் திருப்பிக் கொடுத்தோம். பிற்பகல் முழுதும் கை இயந்திரத்திலும் மனம் அவனிடத்திலுமாக நின்று, அறுந்த இழைகளைக் கவனியாது விட்டோம். மறுநாள் முறையிடச் சென்றபோது, "நீயும்தானே திட்டினாய்?" என்று இருவரையும் ஒன்றாகக் கண்டித்து அனுப்பிவிட்டனர். அவன் செய்த குற்றம் நம் வாயாலேயே மறைந்தது.

எனவே வசையை ஏலாமை என்பது வாய்மூடிக் கிடத்தல் அன்று. பம்பாய் ஆலைகளில், அறுந்த நூலை எச்சிலால் ஈரமாக்கி முடிய வேண்டியிருந்தமையால், தீண்டாதார் எனப்பட்டோரை நெசவுப் பகுதியிற் சேர்க்காத காலம் இருந்தது. தொழிலாளர்க்குள்ளேயே நிலவிய இத்தகைய விலக்கை, 1938 பிப்ரவரியில் மன்மாட்டில் நடந்த ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் பாபாசாகேப் வெளிப்படையாக எடுத்துரைத்தார். அவர் வைதவரை வைது காலம் போக்கவில்லை. வாயில்களைத் திறக்கப் போராடினார். மதம் மாறியதால் உரிமை போயிற்றென்று ஏளனம் செய்வோர் இன்றும் உளர். 1990-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் பௌத்தரும் பட்டியல் சாதியினராக ஏற்கப்பட்டனர் என்பதை அவர்க்கு அமைதியாகக் கூறலாம். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதார், பட்டியல் சாதியினர் ஒருவரைப் பலர் காணும் இடத்தில் இழிவுபடுத்தும் நோக்குடன் அவமதித்தல் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

சினம் மூண்ட வேளையில் இவையெல்லாம் நினைவில் நிற்குமோ? அதற்கும் பயிற்சி வேண்டும். அப்பயிற்சி பிறந்த மண் நாம் வாழும் இம்மண்ணே. தில்லி அடங்கிய குரு நாட்டின் கம்மாசதம்மம் என்னும் ஊரிலேதான் பகவன் சதிபட்டான சூத்திரத்தை அருளினார். அந்நாட்டில் ஏவலரும் கூலியாட்களும் நினைவைப் பயின்றனரென்றும், தண்ணீர்த்துறையிலும் நூல் நூற்குமிடத்திலுங்கூட வீண்பேச்சு இல்லையென்றும் அதன் உரை கூறுகின்றது. நூற்குமிடம் என்ற சொல்லைப் படித்தபோது நம் உள்ளம் சிலிர்த்தது.

ஆதலின், இழிசொல் காதில் விழுந்தவுடன் முதலில் நம் மனத்தைப் பார்த்து, 'இது வெகுளியுற்ற மனம்' என்று அறிதல் வேண்டும். மூச்சு இரண்டு மூன்று சென்றபின், சொன்னவனிடம் அச்சொல் தகாதென்று ஒருமுறை தாழ்ந்த குரலிற் கூறலாம். மீண்டும் நேருமாயின், அன்றைத் தேதி, நேரம், சொன்ன சொல், அருகில் நின்றோர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி, மேலதிகாரியிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்க.