எந்த இ.இ.ஜி. எடுப்பது?

வலிப்பு வந்தவருக்கு எடுத்த இ.இ.ஜி. 'நார்மல்' என்று வந்துவிட்டால் வீடே பெருமூச்சு விடுகிறது. சிலர் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வலிப்பு நோய் உறுதியாக உள்ளவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி.யில் எதுவும் தென்படுவதில்லை. மூளையின் மின் அலைகளை அரை மணி நேரம்தான் பதிகிறோம். அதற்குள் கோளாறு தலைகாட்ட வேண்டுமே!

ஆகவே, எப்படிப்பட்ட வலிப்பு, எப்போது வருகிறது என்பதை வைத்துத்தான் பரிசோதனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வகுப்பில் திடீரென்று சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல எழுத்தைத் தொடரும் குழந்தைக்குச் சாதாரண இ.இ.ஜி.யே பெரும்பாலும் போதும். டெக்னீஷியன் மூன்று நிமிடம் மூச்சை வேகமாக ஊதச் சொல்வார். குழந்தை ஊதிக்கொண்டிருக்கும்போதே திரையில் நொடிக்கு மூன்று வீதம் கூர்முனையும் அலையும் மாறி மாறி எழும். அங்கேயே விடை கிடைத்துவிடும்.

காலையில் எழுந்ததும் கை வெட்டி இழுத்து, காபி டம்ளரைத் தவறவிடும் பதின்வயதுப் பிள்ளைக்குத் தூக்கத்தைக் குறைத்து எடுக்கும் இ.இ.ஜி. பொருத்தம். தூக்கம் கெட்டாலே வலிப்பு வரலாம் என்பதால் துணைக்கு ஒருவர் போக வேண்டும். டூவீலரைத் தொடவே கூடாது.

தினமும் அல்லது ஒன்றிரண்டு நாளுக்கொரு முறை வருகிறதென்றால், இடுப்பில் சிறு பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே ஒன்று முதல் மூன்று நாள் பதியலாம். ஆனால் வலிப்பு வந்தபோது உடம்பு என்ன செய்தது என்பது, கேமரா இல்லாத கருவியில் தெரியாது.

இரண்டு மருந்து மாற்றியும் நிற்கவில்லையா? ஐந்தாவது முறையாகச் சாதாரண இ.இ.ஜி. எடுப்பதைவிட, வீடியோ இ.இ.ஜி.க்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் இந்த வசதி உண்டு. சில நாள் படுக்கையில் இருக்க வேண்டும், செலவும் கூடும். ஆனால் அறுவை சிகிச்சை உதவுமா என்று முடிவெடுக்க இது தேவை. வலிப்புபோலத் தோன்றினாலும் மூளையின் மின்கோளாறால் வராத உதறல்களையும் இதுதான் பிரித்துக் காட்டும். அந்த உதறல் நடிப்பல்ல. அதற்கான சிகிச்சை வேறு, அவ்வளவே.

எதை எடுத்தாலும் முதல் நாளே ஷாம்பூ போட்டுத் தலைக்குக் குளித்துவிடுங்கள். எண்ணெய் கூடவே கூடாது, மின்முனை ஒட்டாது. வழக்கமான மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் விடாதீர்கள். வலிப்பு வரும்போது பக்கத்தில் இருப்பவர் போனில் எடுத்த வீடியோவும் மருத்துவருக்குப் பெரிய உதவி.

தலைவலிக்கு மட்டும் இ.இ.ஜி. வேண்டாம். நின்றபடியே கண் இருட்டி விழுந்து, உடனே தெளிந்தவருக்கு முதலில் எடுக்க வேண்டியது இ.சி.ஜி.; கோளாறு இதயத்தில் இருக்கலாம்.