ஹாக்கி டீமும் பிளேட்லெட்டும்

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்., 1998 முதல் ‘ஹாக்கி ஃபைட்ஸ் கேன்சர்’ என்று நிதி திரட்டி வருகிறது. வடகரையில் ஐஸுக்கு எங்கே போறதுன்னு கேட்காதீங்க. ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டி நமக்குத் தூரமில்லை. நம்ம டீமும் மேட்ச் நடத்தி வசூல் பண்ணலாம். ஆனால் காசு கொடுத்து முன்கூட்டியே வாங்கி அடுக்க முடியாத ஒன்று உண்டு: பிளேட்லெட்.

ரத்தப் புற்றுநோய்க் குழந்தைக்குக் கீமோ கொடுத்தால் எலும்பு மஜ்ஜையில் உற்பத்தி படுத்துவிடும். பிளேட்லெட் ரொம்பக் குறைந்தால் ரத்தக்கசிவு ஆபத்து. ஏற்றினாலும் சில நாளில் மறுபடி தேவைப்படலாம். இதை ஃபிரிட்ஜில் வைப்பதில்லை; 20–24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே இருக்கும் மெஷினில், பொதுவாக 5 நாள்தான் தாங்கும். நம்ம பாஷையில் சொன்னால், ஸ்டாக் வைக்க முடியாத சரக்கு.

அதனால் ஒரே நாள் முகாமைவிட, ஹாக்கி சப்ஸ்டிடியூஷன் மாதிரி ஆள் மாற்றி ஆள் வருவதே உதவும். அபெரிசிஸ் மெஷின் பிளேட்லெட்டை மட்டும் பிரித்துக்கொண்டு மீதி ரத்தத்தை உடம்புக்கே திருப்பிவிடும். 18 வயது முடிந்திருக்கணும். அடிபட்ட வலிக்கு ஆஸ்பிரின் போட்டிருந்தால் மறைக்காம சொல்லிடுங்க. அது பிளேட்லெட்டின் வேலையையே கெடுக்கும்.

ஜெர்சி நம்பர் பக்கத்தில் ரத்த வகையும் எழுதிய லிஸ்டை, குழந்தைக்குச் சிகிச்சை நடக்கும் ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் கொடுங்க. அது மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமாகவும் இருக்கலாம். வசூலான காசில் முதல் செலவு, கொடையாளர் போய்வரும் வேன் வாடகை.