சுண்ணாம்பு போடும் முன் ஒரு கணக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு வேலை தெரிந்தவர்களுக்கு பிக்லிங் பழகிய சொல். இரும்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கித் துருவை எடுப்பார்கள். பிறகு அலசிய தண்ணீர் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய (இ.டி.பி.) தொட்டிக்கு வரும். மீட்டரில் பி.எச். 2 என்று வைத்துக்கொள்வோம். நீர்நிலையில் விட 5.5 முதல் 9 வரைதான் அனுமதி. பழவேற்காடு ஏரி பக்கத்தில்தான் இருக்கிறது. இறாலையும் நண்டையும் நம்பி வாழும் குடும்பங்கள் அங்கே உண்டு. அதனால் அமிலத்தை அடக்க எவ்வளவு சுண்ணாம்பு வேண்டும் என்ற கணக்கை, ஷிப்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் கையோடு வைத்திருக்க வேண்டும்.

முதலில் மீட்டரை 4, 7, 10 பஃபர் கரைசல்களில் சரிபாருங்கள்.

அடுத்து, பி.எச்.சை மோலாக மாற்றுங்கள். பி.எச். 2 என்றால் லிட்டருக்கு 0.01 மோல் ஹைட்ரஜன் அயனி. 3 என்றால் 0.001. ஒரு எண் ஏறினால் அமிலம் பத்தில் ஒரு பங்காகிவிடும். 1909-ல் வேதியியலாளர் சோரன்சன் இந்த அளவை மடக்கையில் வகுத்தார். ஆகவே சராசரி எடுக்கவே கூடாது. பி.எச். 2, 4 இரண்டையும் சமமாகக் கலந்தால் 3 வராது. 0.01-ஐயும் 0.0001-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 0.00505, அதன் பி.எச். 2.3.

காரத் தண்ணீருக்கு 14-லிருந்து கழிக்க வேண்டும். பி.எச். 11 என்றால் மீதி 3, லிட்டருக்கு 0.001 மோல் ஹைட்ராக்சைடு. இந்த 14 என்பது 25 டிகிரிக்கு உரியது. 35 டிகிரியில் அது 13.7.

இப்போது மருந்தளவு. பி.எச். 2-ல் 1,000 லிட்டர் என்றால் 10 மோல் அமிலம். காஸ்டிக் சோடா மோலுக்கு 40 கிராம், ஆக 400 கிராம். நீற்றிய சுண்ணாம்பு மோலுக்கு 74 கிராம், ஒரு மோல் இரண்டு மோல் அமிலத்தை அடக்கும். 370 கிராம் போதும்.

ஆனால் அந்த 370 கிராமைக் கொட்டிப் பார்த்தால் பி.எச். எதிர்பார்த்த அளவுக்கு ஏறாது. அமிலத்தில் கரைந்த இரும்பும் சுண்ணாம்பைத் தின்னும். மீட்டர் அதைக் காட்டாது. லிட்டருக்கு 1 கிராம் இரும்பு இருந்தால் அதற்கு மட்டும் ஏறக்குறைய 1.3 கிலோ கூடுதலாக வேண்டும். தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கவும் முடியாது: 5.5-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 32 லட்சம் லிட்டர் ஆகும், இரும்பும் அப்படியே வெளியே போகும்.

எனவே கையுறை, கண்ணாடி அணிந்து, தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரை பீக்கரில் எடுங்கள். எடை போட்ட சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள். பச்சைச் சேறு அடியில் இறங்கி, பி.எச். 8.5-க்கும் 9-க்கும் இடையே பத்து நிமிடம் அசையாமல் நின்றால், போட்ட கிராமை ஆயிரத்தால் பெருக்குங்கள்.