எழுதத் தெரியாத எழுத்தாளர்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)



கதை எழுத விரும்பும் ஒருத்திக்கு முதலில் என்ன வேண்டும்? அழகிய கையெழுத்து, பிழையற்ற இலக்கணம், அலமாரி நிறைய நூல்கள் என்று நாம் அடுக்கிக்கொண்டே போவோம். பள்ளிக்கூடத்தில் பயிலாமலும், தடையின்றி எழுதத் தெரியாமலும் தொடங்கி, 115 நாவல்களைப் படைத்த பெண்மணி ஒருவர் நம் தமிழகத்தில் வாழ்ந்தார். அவர்தாம் வை. மு. கோதைநாயகி அம்மாள்.

1901-ஆம் ஆண்டு பிறந்த அவருக்கு, அக்கால வழக்கப்படி ஐந்து வயதிலேயே திருமணம் நடந்தது. புகுந்த வீடு சென்னைத் திருவல்லிக்கேணியில் தமிழ்ப் புலமை மிக்க குடும்பம். அங்கே நல்ல தமிழ் நாள்தோறும் அவர் காதில் விழுந்தது. கணவர் பார்த்தசாரதி அவரை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். கேட்டதையும் கண்டதையும் மனத்தில் தேக்கி, குழந்தைகளுக்குக் கதைகள் சொல்லி வந்தார் கோதைநாயகி. அவருக்குச் செவியே பள்ளிக்கூடமாயிற்று.

நாடகம் ஒன்றை இயற்ற வேண்டும் என்ற ஆவல் எழுந்தபோதுதான் முதல் தடை குறுக்கிட்டது. உள்ளத்தில் கதை இருந்தது. கை அதற்கு ஈடுகொடுக்கவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. பட்டம்மாள் என்ற தோழியின் உதவியை நாடினார். இவர் சொல்லச் சொல்ல, அவர் எழுதினார். இவ்வாறு உருவான 'இந்திர மோகனா' என்னும் நாடகம் 1924-இல் நூலாக வெளிவந்தது. பிறகு அதே தோழியிடமே நன்றாக எழுதவும் கற்றுக்கொண்டார்.

அவர் ஏன் நாடகத்தில் தொடங்கினார் என்பதைச் சற்றே சிந்திப்போம். நாடகம் பேச்சால் ஆனது. நாடகம் பார்த்தும் கதை சொல்லியும் பழகியவருக்கு, யார் எப்படிப் பேசுவார் என்பது தெரியும். தமக்குத் தெரிந்த இடத்திலிருந்து அவர் தொடங்கினார். இது நமக்கு முதற்பாடம்.

1925-இல் 'ஜகன்மோகினி' என்னும் மாத இதழை ஏற்று நடத்தத் தொடங்கினார். அதில் அவருடைய நாவல்கள் தொடர்ந்து வெளிவந்தன. பெண்ணொருத்தி எழுதுவதா, இதழ் நடத்துவதா என்று ஏளனம் செய்தவர்களும் இருந்தனர். அவர் அவர்களோடு வாதாடி நாளைக் கழிக்கவில்லை. அடுத்த இதழுக்கு எழுதினார். மனம் கனியட்டும் என்று மாத இதழ் காத்திருக்காதல்லவா? அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது பழமொழி. விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றபோதும் அவர் எழுதுவதை விடவில்லை. இடைவிடாத பழக்கமே கையைத் திருத்தும் என்பது இரண்டாம் பாடம்.

அவருடைய கதைகளில் தற்செயல் நிகழ்ச்சிகளும் அறிவுரைகளும் மிகுதி என்று கூறும் திறனாய்வாளர்களும் உண்டு. ஆயினும் குழந்தை மணம், விதவையர் துயர் போன்றவற்றை வீட்டுப் பெண்கள் படித்துப் பேசும்படி செய்தவை அக்கதைகள். 1960-இல் அவர் மறைந்தார்.

இவ்வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தவர் அந்தத் தோழி பட்டம்மாளே. அவர் கைகொடுக்காமல் இருந்திருந்தால் முதல் நூல் எப்படி வந்திருக்கும்? இதை எண்ணியே சென்ற கோடை விடுமுறையில் என் பாட்டி சொன்ன கதை ஒன்றை எழுதத் தொடங்கினேன். பாட்டிக்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும். பஞ்ச காலத்தில் ஒரு குடும்பம் பட்ட பாட்டைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். "அவர்கள் மிகவும் துன்பப்பட்டார்கள் என்று சேர்க்கட்டுமா, பாட்டி?" என்று கேட்டேன். "அது எதுக்குடி, கண்ணு? விளக்குக்கு எண்ணெய் இல்லைன்னு சொன்னாலே கேக்குறவங்களுக்குத் தெரியாதா?" என்றார்கள். கட்டுரை நோட்டில் பக்கம் பக்கமாக எழுதியும் நான் அறியாத பாடம் அது!

தோழியரே, நம்மிடம் எழுதப் பழகிய கை இருக்கிறது. நம் பாட்டிமாரிடமும் அண்டை வீட்டு அம்மாக்களிடமும் எழுதப்படாத கதைகள் இருக்கின்றன. அவர்கள் அருகே நோட்டும் பேனாவுமாக அமர்வோம். முதலில் நன்றாகக் கேட்போம், பின்னர் எழுதுவோம்!