நூறு புள்ளி கிடைத்தால் யாரை எழுப்புவீர்கள்?

'மங்கா' என்றதும் சிலருக்கு மாங்காய் நினைவுக்கு வரலாம். நான் சொல்வது ஜப்பானியச் சித்திரக்கதையை. ஹிரோயா ஒகு படைத்த 'காண்ட்ஸ்' 2000 முதல் 2013 வரை 'யங் ஜம்ப்' வார இதழில் தொடராக வந்தது. 37 தொகுதிகள் கொண்டது. வன்முறையும் ஆபாசமும் மிகுந்த கதை என்பதால் எல்லாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால், அதிலுள்ள பரிசு முறை, மதிப்பெண்களோடு வாழும் மாணவர்களாகிய நாம் சிந்திக்க வேண்டிய ஒன்று.

தண்டவாளத்தில் விழுந்த ஒருவரைக் காப்பாற்றப் போய், குரோனோ, கதோ என்ற இரு மாணவர்கள் ரயில் மோதி இறக்கிறார்கள். கண் விழித்தால், தோக்கியோவில் ஓர் அடுக்குமாடி வீட்டு அறை. நடுவில் ஒரு கரிய கோளம். அது அனுப்பும் இடத்துக்குப் போய் வேற்றுக்கிரக உயிர்களை வேட்டையாட வேண்டும். கொன்றதற்கு ஏற்பப் புள்ளி. நூறு சேர்ந்தால் மூன்றில் ஒன்றைக் கேட்கலாம்:

1. நினைவுகள் அழிக்கப்பட்டு விடுதலை
2. மேலும் வலிமையான ஆயுதம்
3. இறந்த ஒருவருக்கு மீண்டும் உயிர்

கதோ சண்டையின் நடுவிலும் பிறரைக் காப்பாற்றவே ஓடுகிறான். அதற்கு ஒரு புள்ளியும் இல்லை. கோளத்துக்கு எண்ணத் தெரிந்தது கொலையை மட்டுமே.

தொடக்கத்தில் தன்னலக்காரனாக இருந்த குரோனோ, நூறு புள்ளி பெற்றதும் விடுதலையை விட்டுவிட்டு, இறந்துபோன கதோவை எழுப்புகிறான். பின்னர் ரெய்கா என்ற பெண்ணும் மூன்றாவது பரிசையே கேட்கிறாள். அவள் விரும்பும் குரோனோ உயிரோடுதான் இருக்கிறான். ஆனால் அவன் மனம் வேறொருத்தியிடம். ஆகவே தனக்கென்று இன்னொரு குரோனோவை உருவாக்கிக்கொள்கிறாள். முன்னதில் நன்றி, பின்னதில் ஆசை. கோளத்துக்கோ இரண்டும் ஒன்றுதான். 'யார்?' என்பதோடு அது நின்றுவிடுகிறது. 'ஏன்?' என்று கேட்பதில்லை.

இந்த 'ஏன்' எனக்கு உறைத்தது சிராங்கூன் சாலையில். தீமிதித் திருவிழாவின்போது, பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் பக்தர்கள் நடந்து செல்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன. திரௌபதியை முன்னிறுத்தும் விழா அல்லவா? தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை சொன்ன பாரதக் கதை ஒன்று நினைவுக்கு வந்தது.

வனவாசத்தின் முடிவில், பொய்கைக் கரையில் தம்பியர் நால்வரும் இறந்து கிடக்கிறார்கள். யட்சனின் கேள்விகளுக்குத் தருமன் விடை சொல்கிறான். "ஒருவனை மட்டும் எழுப்புகிறேன், யாரை?" என்கிறான் யட்சன். தருமன் கேட்டது நகுலனை. யட்சன் அதோடு விடவில்லை. வரப்போகும் போருக்கு வேண்டியவர்கள் வீமனும் அருச்சுனனும் ஆயிற்றே, ஏன் நகுலன் என்று கேட்கிறான். குந்திக்கு நான் இருக்கிறேன், மாத்திரிக்கும் ஒரு மகன் வேண்டும் என்பது தருமனின் பதில். அந்தப் பதிலுக்குத்தான் நால்வரின் உயிரும் பரிசாகக் கிடைத்தது. நால்வரும் கிடைப்பார்கள் என்று தெரிந்து அவன் நகுலனைக் கேட்கவில்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நண்பர்களே, நம் தேர்வுகளும் கோளம் போலத்தான். மதிப்பெண்ணை எண்ணும், எப்படி வந்தது, யாரை விட்டுவிட்டு வந்தது என்று கேட்காது. சென்ற ஆண்டு தேர்வுக்கு முந்தைய வாரம், காய்ச்சலால் விரிவுரைகளைத் தவறவிட்ட தோழி ஒருத்தி என் குறிப்புகளைக் கேட்டாள். "இன்னும் எழுதி முடிக்கவில்லை" என்றேன். பைக்குள் முழுமையாக இருந்தன. 'பெல் கர்வ்' பயம். எனக்கு நல்ல தரம் கிடைத்தது. அவள் அந்தப் பாடத்தை மறுபடியும் எடுத்தாள். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

பரிசு கொடுப்பவர் 'ஏன்' என்று கேட்காத இடத்தில், அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் நாமே. யட்சன் வருவான் என்று காத்திருக்க முடியாது. இந்தப் பருவத்தில் அதே பாடத்துக்கான என் குறிப்புகளை அவளிடம் கொடுத்தேன். சென்ற ஆண்டு சொன்ன பொய்யையும் சொன்னேன். அவள் குறிப்புகளை வாங்கிக்கொண்டாள். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்குப் புள்ளி எதிர்பார்க்கும் உரிமை எனக்கில்லை.